படுக்கையறைக்கு மரத்தரையா, கார்ப்பெட்டா? சென்னை வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் படுக்கையறையில் லேமினேட் (மர டிசைன் தாள் ஒட்டிய பலகைத் தரை) போட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு நாள் காலை பெருக்கிக்கொண்டிருந்த அக்கா, "ஏம்மா, இங்க மட்டும் தரை தூக்கிட்டு நிக்குதே, பாத்தியா?" என்று கூப்பிட்டார். ஏசிக்கு நேர் கீழே, சுவரோரமாக, நான்கு பலகைகளின் ஜாயின்ட் வயல் வரப்பு மாதிரி மேடேறியிருந்தது. விரலால் தடவினால் ஓரம் சொரசொரவென்று தட்டுப்பட்டது, ஒரு இடத்தில் மேல் தாள் லேசாக உரிந்து உள்ளே இருந்த பழுப்பு நிற மரத்தூள் பலகை தெரிந்தது. ஏசியின் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டு, சுவரின் பின்பக்கமாகவே கசிந்து, சுவரின் அடியோரம் அடிக்கும் பட்டையான ஸ்கர்ட்டிங்குக்கு அடியில் இறங்கியிருக்கிறது. மேலே ஒரு சொட்டு ஈரம் கூடத் தெரியவில்லை. மாற்றலாம் என்று வாங்கிய கடைக்குப் போனால் அந்த டிசைன் நின்றுபோய்விட்டது, மிச்சம் வைத்துக்கொள்ளவும் யாரும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் அம்மாவின் அறை, தம்பி வீடு, தோழி ஒருத்தியின் ஃப்ளாட் என்று மூன்று நான்கு அறைகளுக்குத் தரை தேர்ந்தெடுக்கும்போது கூடவே இருந்தேன். கடைக்குப் போகும் எல்லோரும் நிறத்தில் ஆரம்பிக்கிறார்கள். வால்நட் நிறமா, ஓக் நிறமா, அல்லது கால் புதையும் க்ரீம் நிற கார்ப்பெட்டா என்று. நம் ஊரில் தண்ணீரில் ஆரம்பிக்க வேண்டும். அந்த அறைக்குள் தண்ணீர் எப்படியெல்லாம் வரும் என்று முதலில் பார்த்துவிட்டால் பாதித் தேர்வு தானாகவே முடிந்துவிடும்.

முதல் படி: அறைக்குள் தண்ணீர் வரும் வழிகளை எண்ணுங்கள்

ஒரு காகிதம் எடுத்துக்கொண்டு அறையின் நடுவில் நின்று சுற்றிப் பாருங்கள். அட்டாச்டு பாத்ரூம் இருந்தால் அதன் வாசல்தான் முதல் இடம். குளித்துவிட்டு ஈரக் காலோடு வெளியே வரும் முதல் மூன்றடி தூரம் தினமும் நனையும். பாத்ரூம் தரை அறையின் தரையைவிடத் தாழ்ந்திருக்கிறதா, வாசலில் கல் படி இருக்கிறதா என்று பாருங்கள். படி இல்லாமல் இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால், பக்கெட் ஒருமுறை கவிழ்ந்தாலே தண்ணீர் நேராகப் படுக்கையறைக்குள் வந்துவிடும்.

அடுத்தது ஜன்னலும் பால்கனிக் கதவும். வடகிழக்குப் பருவமழையில் காற்றோடு சாரல் அடிக்கும்போது எந்த ஜன்னல் வழியாக உள்ளே வரும் என்று வீட்டில் இருப்பவர்களுக்கே தெரியும், கேளுங்கள். ஸ்லைடிங் ஜன்னலின் கீழ்ச் சட்டத்தில் தண்ணீர் வடியும் சின்ன ஓட்டைகள் தூசியால் அடைத்திருந்தால் மழைத் தண்ணீர் உள்பக்கமாக வழியும். ஏசி கதையை மேலே சொல்லிவிட்டேன். ஏசி எந்தச் சுவரில் இருக்கிறது, அதன் குழாய் எந்த வழியாகப் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு கீழேயிருந்து வரும் ஈரம். தரைத்தளத்தில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சுவரின் அடிப்பக்கத்தில் பெயின்ட் உப்பி உதிர்கிறதா, வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா? அது ஓதம். மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறது என்று பொருள். சந்தேகமாக இருந்தால் ஒரு எளிய சோதனை இருக்கிறது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தடிமனான பிளாஸ்டிக் தாளை, டைல்ஸ் ஜாயின்ட்கள் நடுவில் வருகிற மாதிரி தரையில் விரித்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். ஒரு முழு நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். தாளின் அடியில் நீர்த்துளி கோத்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ மரமும் வேண்டாம், கார்ப்பெட்டும் வேண்டாம், முதலில் ஓதத்தைச் சரிசெய்யுங்கள். அறையில் இரண்டு மூன்று இடங்களில், முக்கியமாக வெளிச்சுவர் ஓரத்தில், இதைச் செய்து பார்ப்பது நல்லது.

வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை மாதிரித் தாழ்வான பகுதிகளில் தரைத்தளத்தில் இருக்கிறீர்கள், 2015 டிசம்பரிலோ 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதோ வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்றால் என் பதில் ஒன்றுதான்: டைல்ஸை அப்படியே விடுங்கள். வெள்ளத்தில் நனைந்த கார்ப்பெட்டையும் லேமினேட்டையும் தூக்கி எறியத்தான் முடியும். டைல்ஸைக் கழுவிவிட்டு மறுநாளே பாய் விரித்துப் படுக்கலாம்.

கடைசி வழி மாப். இதுதான் தினமும் வரும் தண்ணீர். நம் வீடுகளில் தரை துடைப்பது என்றால் வாளித் தண்ணீரில் பினாயிலோ லைசாலோ ஊற்றி, மாப்பை முக்கி, சொட்டச் சொட்ட ஹாலிலிருந்து ஆரம்பித்து படுக்கையறை வரைக்கும் ஒரே இழுப்பாக இழுப்பது. டைல்ஸுக்கு அது சரி. லேமினேட்டுக்கு அதுவே எமன். "இந்த ரூமுக்கு மட்டும் நல்லாப் பிழிஞ்சு துடைங்க அக்கா" என்று நாம் சொல்லலாம், ஆனால் நான்கு வீட்டு வேலையை முடித்துவிட்டு ஓடுகிற ஒருவர் தினமும் நம் ஒரு அறைக்காக மாப் மாற்றிப் பிழிவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அந்த அறையை நீங்களே துடைப்பீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்றால் லேமினேட்டைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

இரண்டாம் படி: அந்த அறையில் தூங்குவது யார்?

யாருக்காவது வீசிங், காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கடைப்பு இருக்கிறதா? அப்படியென்றால் சுவருக்குச் சுவர் ஒட்டும் கார்ப்பெட் வேண்டாம். தூசிப் பூச்சி என்று ஒன்று இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள்தான் அதற்குச் சாப்பாடு. அது தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலிருக்கும் ஈரத்தை உடம்பால் உறிஞ்சிக்கொண்டு வாழ்கிறது. காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் அதனால் பெருக முடியாது. சென்னையில் வருடத்தின் பெரும்பாலான நாட்களில் ஈரப்பதம் 60க்கு மேல்தான். கார்ப்பெட்டின் அடர்ந்த இழை அதற்கு நல்ல வீடு. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: மெத்தையிலும் தலையணையிலும் இந்தப் பூச்சி நிறையவே இருக்கும், அதனால் தரையை மட்டும் மாற்றிவிட்டுத் தும்மல் போய்விடும் என்று நம்பாதீர்கள். மெத்தைக்கு உறை போடுவது, வாரம் ஒருமுறை பெட்ஷீட்டை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பது, இவையும் சேர்ந்தால்தான் பலன்.

வயதானவர்கள் இருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். ராத்திரி இரண்டு முறை எழுந்து பாத்ரூம் போகிறவர்களுக்கு வழுக்காத தரை முக்கியம். பளபளவென்று இருக்கும் லேமினேட் ஈரக் காலுக்கு வழுக்கும், மேட் ஃபினிஷ் பரவாயில்லை. கார்ப்பெட்டில் வழுக்காது, விழுந்தாலும் அடி குறைவு. ஆனால் காலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பவர்களுக்கும் வாக்கர் வைத்திருப்பவர்களுக்கும் நீளமான இழை தடுக்கும். அம்மாவின் அறைக்கு நான் கார்ப்பெட் வேண்டாம் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கால் ஜில்லிடுகிறது என்பதால்தான் பலர் டைல்ஸை விட்டு வெளியே வர நினைக்கிறார்கள். ஏசி ஓடும் அறையில் டைல்ஸும் மரமும் கிட்டத்தட்ட ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். டைல்ஸ் நம் காலின் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்கிறது, மரம் மெதுவாக இழுக்கிறது, கார்ப்பெட் அதைவிட மெதுவாக. அதனால்தான் ஒன்றில் சில்லென்றும் மற்றதில் இதமாகவும் இருக்கிறது. இதே குணம் மே மாதத்தில் திரும்பி அடிக்கும். கரண்ட் போன மதியத்தில் வெறும் தரையில் படுத்துக்கொள்ளும் சுகம் மரத்திலும் இல்லை, கார்ப்பெட்டில் சுத்தமாக இல்லை. வீட்டில் தரையில் படுப்பவர் யாராவது இருந்தால் அவர்களைக் கேட்காமல் முடிவு எடுக்காதீர்கள்.

நாய், பூனை இருந்தால் இழை வளையம் வளையமாக இருக்கும் லூப் வகைக் கார்ப்பெட் வேண்டாம், நகம் மாட்டி ஒரு வரிசையே உருவிக்கொண்டு வரும். மூத்திர வாடையும் அடியில் மெத்தை மாதிரி விரிக்கும் அண்டர்லே வரை இறங்கிவிட்டால் எதைப் போட்டாலும் போகாது.

மூன்றாம் படி: கார்ப்பெட் என்றால் எந்தக் கார்ப்பெட்?

நான் கார்ப்பெட்டுக்கு எதிரி இல்லை. சத்தத்தை அடக்குவதில் அதற்கு இணை கிடையாது. அறைக்குள் எதிரொலி குறையும், கீழ் வீட்டுக்காரருக்கு நம் காலடி கேட்காது. ஊட்டியில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழும்போது கார்ப்பெட் போட்ட அறையின் அருமை தெரியும், அங்கே கூட மழைக்காலத்தில் ஓதம் பார்த்துத்தான் போட வேண்டும். சென்னையில் மூன்றாவது மாடிக்கு மேல், பாத்ரூம் இணைக்காத அறை, தினமும் இரவு ஏசி ஓடும், அலர்ஜி யாருக்கும் இல்லை, வாரம் இரண்டு முறை வேக்கம் கிளீனர் பிடிக்கத் தயார் என்றால் போடலாம். இந்த ஐந்தும் சேர்ந்து வரும் வீடு குறைவு.

இழையில் நைலான் நன்றாக நிமிர்ந்து நிற்கும், கட்டில் கால் அழுத்திய இடம் கூட ஓரளவு மீண்டுவிடும். பாலிப்ரொப்பிலீன் விலை குறைவு, கறை அவ்வளவாகப் பிடிக்காது, ஆனால் நடக்கும் பாதை சீக்கிரம் படிந்துபோகும். பாலியஸ்டர் தொடும்போது மெத்தென்று இருக்கும், அதுவும் நாளடைவில் படிந்துவிடும். கம்பளி மிக நல்ல பொருள்தான், ஈரத்தை இழுக்கும், அந்துப்பூச்சி வரும், விலையும் அதிகம், கடலோர ஊரில் அதற்குச் செலவழிக்க வேண்டாம் என்பேன். கடையில் சாம்பிளை இரண்டாக மடித்துப் பாருங்கள். மடிப்பில் அடித்துணி பளிச்சென்று தெரிந்தால் இழை அடர்த்தி குறைவு.

ரோல் கார்ப்பெட் பெரும்பாலும் 12 அடி அல்லது 4 மீட்டர் அகலத்தில் வரும். உங்கள் அறை அந்த அகலத்துக்குள் அடங்கினால் நடுவில் ஜாயின்ட் வராது. அரையடி அதிகமானால் கூட ஒரு ஜாயின்ட் வரும், அதுதான் முதலில் பிரியும். இதற்குப் பதிலாக 50க்கு 50 செ.மீ. சதுரங்களாக வரும் கார்ப்பெட் டைல்ஸ் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆபீஸ் சாயல் கொஞ்சம் தட்டும், உண்மைதான். ஆனால் காபி கொட்டினால் அந்த ஒரு சதுரத்தை மட்டும் எடுத்துக் கழுவிக் காயவைக்கலாம். எதைப் போட்டாலும் தரை முழுக்கப் பசை தடவி ஒட்ட மட்டும் சம்மதிக்காதீர்கள். நனைந்தால் தூக்கிக் காயவைக்க முடியாது, ஈரமான கார்ப்பெட்டில் ஒன்றிரண்டு நாளிலேயே பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும். பின்னால் பிரித்தெடுக்கும்போது பசையைச் சுரண்டுவதற்கே தனிக் கூலி ஆகும்.

நான்காம் படி: கடையில் 'மரம்' என்று காட்டுவது எதை?

உட்டன் ஃப்ளோரிங் என்ற ஒரே பெயரில் நான்கு வெவ்வேறு பொருட்களைக் காட்டுவார்கள். எது எது என்று தெரியாமல் விலையை ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

முழு மரம் என்றால் தேக்கு மாதிரி ஒரே கட்டையிலிருந்து அறுத்த பலகை. மேலே தேய்த்து இழைத்துப் பாலிஷ் போட்டால் தலைமுறை தாண்டும். மரம் ஈரத்தில் அகலவாட்டில் விரியும், வறட்சியில் சுருங்கும், நீளவாட்டில் அவ்வளவாக மாறாது. மழைக்காலத்துக்கும் மே மாதத்துக்கும் நடுவில் பலகைகளின் இடைவெளி மாறுவது இதனால்தான். சரியாகப் பதம் போட்ட மரமும் கைதேர்ந்த ஆசாரியும் கிடைத்தால் மட்டும் இதில் இறங்குங்கள்.

என்ஜினியர்டு வுட் என்பது மேலே அசல் மரத்தின் ஒரு அடுக்கு, கீழே பிளைவுட். பிளைவுட்டின் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் விரிவதும் சுருங்குவதும் குறைவு. இதில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மேல் அடுக்கு எத்தனை மி.மீ.? 3 மி.மீ.க்கு மேல் இருந்தால் பின்னாளில் ஒருமுறையாவது தேய்த்துப் புதுசாக்கலாம். தாள் மாதிரி அரை மி.மீ. இருந்தால் ஆழமாக ஒரு கீறல் விழுந்தால் அவ்வளவுதான். மொத்தத் தடிமனைச் சொல்லி மழுப்பினால் ஓரத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள், கோடு தெரியும்.

லேமினேட்டில் மேலே மர டிசைன் அச்சடித்த தாள், அதன் மேல் கீறலைத் தாங்கும் பூச்சு, உள்ளே மர நாரை அழுத்திச் செய்த எச்டிஎஃப் பலகை. 8 மி.மீ., 12 மி.மீ. என்று வரும். தேய்மானத்தைத் தாங்கும் அளவை ஏசி1, ஏசி2 என்று வரிசைப்படுத்தியிருப்பார்கள், குளிர்சாதன ஏசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. படுக்கையறைக்கு ஏசி3 போதும். ஏசி4, ஏசி5 என்று எண் ஏற ஏறக் கீறலும் தேய்மானமும் குறையும், தண்ணீரைத் தாங்கும் என்று நினைத்துவிடாதீர்கள், அது வேறு விஷயம். நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். பெட்டியில் ஃபார்மால்டிஹைடு (பலகையின் பசையிலிருந்து கசியும் வாயு) வெளியேற்றம் குறைவு என்பதற்கு அடையாளமாக இ1 என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், எட்டு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் அறை அது.

எஸ்பிசி என்பது சுண்ணாம்புக்கல் தூளும் பிவிசியும் கலந்த பலகை, மேலே மர டிசைன். உள்ளே மரமே கிடையாது. 4 முதல் 6 மி.மீ. தடிமன். தண்ணீரில் ஊறாது, கரையான் தின்னாது. காலுக்கு மரத்தின் இதம் முழுசாக வராது, டைல்ஸ் அளவுக்குச் சில்லிடவும் செய்யாது. மேற்கு பார்த்த பெரிய ஜன்னல் வழியாக மதிய வெயில் நேராக விழும் இடத்தில் சூடேறி விரியக்கூடும், திரை போட வேண்டும். பலகைதான் ஊறாது, ஜாயின்ட் வழியாக அடியில் போன தண்ணீர் அங்கேயே நின்று நாற்றம் அடிக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். இருந்தாலும் நம் ஊர் மாப்புக்கும் அட்டாச்டு பாத்ரூமுக்கும் நான் பார்த்தவரை இதுதான் பொருந்துகிறது. அம்மாவின் அறைக்கு இதைத்தான் போட்டோம்.

முடிவு செய்வதற்கு முன்னால் கடையில் ஒரு துண்டு சாம்பிள் கேட்டு வாங்கி வாருங்கள். அறுத்த ஓரத்தின் தடிமனை ஸ்கேலால் அளந்து குறித்துக்கொண்டு, ஒரு டம்ளர் தண்ணீரில் பாதி முங்கும்படி ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் எடுத்து மறுபடி அளந்து பாருங்கள். நான் மூன்று கடைச் சாம்பிள்களை அடுப்படி மேடையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒன்று நனைந்த பிஸ்கட் மாதிரி உப்பி மேல் தாளே பிளந்துவிட்டது, இன்னொன்று லேசாகத்தான் தடித்திருந்தது, எஸ்பிசி துண்டு அப்படியே இருந்தது. விற்பவர் அரை மணி நேரம் பேசுவதைவிட இந்த டம்ளர் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

ஐந்தாம் படி: அளவும் கணக்கும்

12 அடிக்கு 11 அடி அறை என்று வைத்துக்கொள்வோம். 11 அடிச் சுவர் முழுக்க 2 அடி ஆழத்துக்கு வார்ட்ரோப் அடித்திருக்கிறது. மிதக்கும் தரை, அதாவது பசையில்லாமல் பலகைக்குப் பலகை க்ளிக் செய்து போடும் தரையை, சுவரோடு பொருத்திய கனமான வார்ட்ரோபின் அடியில் கொண்டுபோகக் கூடாது. விரிய இடமில்லாமல் வேறு எங்காவது தூக்கும். கட்டில் வைக்கலாம், பிரச்சினையில்லை. ஆக நமக்கு வேண்டியது 10 × 11 = 110 சதுர அடி. சேதாரம் 10 விழுக்காடு சேர்த்தால் 121. ஒரு பெட்டிக்கு 20 சதுர அடி என்றால் 6 பெட்டி போதாது, 7 வாங்க வேண்டும். மிஞ்சுகிற கிட்டத்தட்ட ஒரு பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுக்காதீர்கள். பரணில் படுக்கவைத்துவிடுங்கள். எனக்கு அன்றைக்கு அந்த ஒரு பெட்டி இருந்திருந்தால் நான்கு பலகையோடு போயிருக்கும்.

இதே அறைக்கு 12 அடி அகல கார்ப்பெட் ரோல் என்றால் 10 அடி நீளம் வெட்டி 120 சதுர அடிக்குக் காசு கொடுக்க வேண்டும், ஜாயின்ட் வராது.

சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்லும் விலையில் என்னென்ன அடக்கம் என்று எழுதி வாங்குங்கள். அண்டர்லே, ஸ்கர்ட்டிங், வாசலில் டைல்ஸும் பலகையும் சேரும் இடத்தில் அடிக்கும் ப்ரொஃபைல், போடும் கூலி, கதவு அறுக்கும் கூலி, வண்டி வாடகை, ஜிஎஸ்டி. இவற்றையெல்லாம் தனித்தனியாகச் சேர்த்த பிறகுதான் இரண்டு கடைகளை ஒப்பிட முடியும். வாரண்டித் தாளில் தண்ணீர் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அங்கேயே நின்று படியுங்கள், பெரும்பாலும் தண்ணீர்ச் சேதம் சேராது என்றுதான் இருக்கும்.

ஆறாம் படி: போடுவதற்கு முன்னாலும் போடும் அன்றும்

கதவிலிருந்து ஆரம்பியுங்கள். பழைய டைல்ஸின் மேலேயே 8 மி.மீ. பலகையும் 2 மி.மீ. அண்டர்லேயும் போட்டால் தரை 10 மி.மீ. உயரும். அறைக் கதவு, பாத்ரூம் கதவு, வார்ட்ரோப் கதவு மூன்றும் உரசாமல் திறக்குமா? பாத்ரூம் கதவு பிவிசி என்றால் அறுப்பது சிரமம். வார்ட்ரோப் கதவை மறந்துவிட்டு, தரை போட்டு முடித்த பிறகு திறக்க முடியாமல் நின்ற வீட்டைப் பார்த்திருக்கிறேன்.

தரை மட்டமாக இருக்க வேண்டும். கொத்தனாரிடம் இருக்கும் ஆறேழு அடி நேர்ச்சட்டத்தைத் தரையில் படுக்கவைத்து அதன் அடியில் வெளிச்சம் எங்கே தெரிகிறது என்று பாருங்கள். 2 மீட்டர் நீளத்துக்கு 3 மி.மீ.க்கு மேல் பள்ளம் இருந்தால் நிரப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்த இடத்தில் கால் வைக்கும்போதெல்லாம் தரை அமுங்கி, டொக்கென்று சத்தம் வரும், பலகைகளைக் கோக்கும் க்ளிக் நாக்கும் உடையும். தட்டினால் வெற்றுச் சத்தம் வரும் டைல்ஸ் இருந்தால் அவற்றை எடுத்துவிட்டு நிரப்ப வேண்டும். தரைத்தளம் என்றால் கரையான் மருந்து அடித்த பிறகே ஆரம்பியுங்கள்.

பெட்டிகள் வந்ததும் பிரிக்காமல், நிமிர்த்தி வைக்காமல், அதே அறையில் இரண்டு நாள் படுக்கவைத்திருக்கச் சொல்லுங்கள். அறையின் ஈரத்துக்கும் சூட்டுக்கும் பலகை பழக வேண்டும். ஆட்கள் அவசரப்படுவார்கள், விடாதீர்கள். முடிந்தால் ஏப்ரல், மே மாதமோ அடைமழையோ இல்லாத நாட்களாகப் பாருங்கள்.

போடும்போது பக்கத்திலேயே நின்று மூன்று விஷயங்களை மட்டும் கவனித்தால் போதும். சுவரைச் சுற்றி 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விடுகிறார்களா, அதற்கு மரத்துண்டு வைத்து அளக்கிறார்களா? கதவு நிலை, வார்ட்ரோப் ஓரம் எல்லாவற்றிலும் இது வேண்டும், பிறகு ஸ்கர்ட்டிங் அதை மறைத்துவிடும். ஸ்கர்ட்டிங்கைச் சுவரில் அடிக்க வேண்டும், பலகையில் அடிக்கக் கூடாது. அடுத்தடுத்த வரிசைகளின் முனை ஜாயின்ட்கள் ஒரே கோட்டில் வராமல் குறைந்தது ஒரு அடி தள்ளி வருகிறதா? அடியில் பிளாஸ்டிக் தாள் விரித்து, ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி டேப் ஒட்டியிருக்கிறார்களா? மரத்துக்கும் லேமினேட்டுக்கும் இந்தத் தாள் கட்டாயம். பலகையின் நீளவாட்டம் ஜன்னல் வெளிச்சத்தின் திசையிலேயே போனால் ஜாயின்ட் கோடுகள் கண்ணை உறுத்தாது.

பாத்ரூம் வாசலிலும் பால்கனிக் கதவிலும் ப்ரொஃபைலுக்கு அடியில் சிலிகான் அடைப்பு வைக்கச் சொல்லுங்கள். பாத்ரூம் வாசலில் கல் படி இல்லையென்றால் அதை முதலில் போட்டுவிட்டுத்தான் தரை வேலை.

ஏழாம் படி: மரத்தின் மேல் ஒரு ஜமக்காளம்

கார்ப்பெட்டின் இதம் வேண்டும், ஆனால் தூசியும் ஈரமும் வேண்டாம் என்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தரையை மரமோ எஸ்பிசியோ போட்டுவிட்டு, கட்டிலிலிருந்து கால் இறங்கும் இடத்தில் மட்டும் விரிப்பு. நம்மிடம் பவானி ஜமக்காளம் இருக்கிறது, புவிசார் குறியீடு பெற்றது. பருத்தி நூல், கெட்டியான நெசவு, அடித்துத் துவைத்து மொட்டை மாடியில் காயப்போட்டால் சாயங்காலம் திரும்ப விரிக்கலாம். மே மாதத்துக்கு அதைச் சுருட்டி வைத்துவிட்டுப் பத்தமடைக் கோரைப்பாய் விரித்தால் காலுக்குக் குளுமை. டைல்ஸை மாற்றப் பணமோ மனமோ இல்லாதவர்களுக்கும் இதுவே போதும், அந்த டைல்ஸின் மேலேயே. தோழியின் வீட்டில் கடைசியில் அப்படித்தான் முடிவானது, மூன்று கடை ஏறி இறங்கிய பிறகு இரண்டு ஜமக்காளத்தோடு நிறுத்திக்கொண்டாள், எனக்கும் அது சரியென்றே பட்டது.

விரிப்பு நழுவாமல் இருக்க அடியில் ஏதாவது வைக்க வேண்டும், வயதானவர்கள் இருந்தால் கட்டாயம். எஸ்பிசியின் மேல் ரப்பர் அடிப்பக்கம் உள்ள மேட் போடாதீர்கள். நாளாக ஆக ரப்பர் பட்ட இடத்தில் மஞ்சள் கறை ஏறும், எதைக் கொண்டு தேய்த்தாலும் போகாது. வினைல் தரைக்கு ஏற்றது என்று போட்டிருக்கும் ஷீட்டாக வாங்குங்கள்.

எட்டாம் படி: முதல் மழைக்காலம் வரை

லேமினேட், மரம் என்றால் மென்மையான துடைப்பத்தால் பெருக்கிவிட்டு, மைக்ரோஃபைபர் துணியைக் கையால் முறுக்கிப் பிழிந்து துடையுங்கள். துடைத்த ஈரம் ஒரு நிமிடத்தில் காய்ந்துவிட வேண்டும், அதுதான் அளவு. காயவில்லையென்றால் துணியில் தண்ணீர் அதிகம். ஸ்டீம் மாப் கூடவே கூடாது. கட்டில், நாற்காலிக் கால்களின் அடியில் கம்பளித் துண்டு ஒட்டுங்கள், மணல்தான் கீறலுக்கு முதல் காரணம் என்பதால் அறை வாசலில் ஒரு மிதியடியும் போடுங்கள். கார்ப்பெட் என்றால் வாரம் இரண்டு முறை நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள வேக்கம் கிளீனர், ஏதாவது கொட்டினால் தேய்க்காமல் உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பது, அப்புறம் உடனே ஃபேன்.

அக்டோபர் பிறப்பதற்கு முன்னால் ஏசிக்காரரை வரச் சொல்லி, தண்ணீர்க் குழாயை ஊதிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அவர் கிளம்பும் முன் உள் யூனிட்டின் தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, வெளிக்குழாய் வழியாக அது சொட்டுகிறதா என்று நீங்களே பால்கனியில் நின்று பாருங்கள். ஸ்லைடிங் ஜன்னல் சட்டத்தின் ஓட்டைகளை ஒரு தென்னங்குச்சியால் குத்திவிடுங்கள். முதல் நல்ல மழை பெய்து முடிந்த மறுநாள், ஏசி இருக்கும் சுவரோரம், பாத்ரூம் வாசல், ஜன்னலின் கீழ், இந்த மூன்று இடங்களிலும் செருப்பில்லாமல் மெதுவாக நடந்து பாருங்கள், கார்ப்பெட் என்றால் மூலையைத் தூக்கி அடியில் தொட்டு முகர்ந்து பாருங்கள். மேடேறுவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே காலுக்குத் தெரிந்துவிடும். தெரிந்த அன்றைக்கே ஸ்கர்ட்டிங்கைக் கழற்றி, ஒரு பலகையைத் தூக்கி, அடியில் காற்று போக ஃபேனைத் திருப்பிவைத்தால் மற்ற பலகைகள் தப்பும்.